ஒற்றை அறை வீட்டில் சிரியன் ஹேம்ஸ்டர்: 120 × 60 இடத்தில் கூண்டு எப்படி அமைப்பது?

மூலைவீடு:
ஒரே அறை. படுக்கை, வேலை மேசை எல்லாம் அதிலேயே. சுவரில் பதித்த புத்தகப் பலகைக்குக் கீழே 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. ஆழம், 72 செ.மீ. உயரத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. வளர்ந்த சிரியன் (ஹேம்ஸ்டரில் பெரிய வகை) ஒன்றுக்கு அங்கே கூண்டு அமைக்க வேண்டும். 50 × 35 அளவில் மூன்று மாடிக் கம்பிக் கூண்டு கிடைக்கிறது, இடம் குறைவாகப் பிடிக்கும். இல்லையென்றால் 100 × 50 × 50 கண்ணாடித் தொட்டி. எது சரி? பெட்டிங் (தோண்டுவதற்காகத் தரையில் நிரப்பும் சீவல்) எத்தனை லிட்டர், ஓடுவதற்கான வீல் என்ன அளவு, எதை எங்கே வைப்பது என்று எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். தூக்கமும் அதே அறையில்தான், அதனால் ராத்திரி சத்தமும் வாடையும் முக்கியம்.

ஆழ்குழி:
மாடிக் கூண்டை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஹேம்ஸ்டருக்குத் தூரப் பார்வை கிடையாது, உயரத்தைக் கணிக்கவும் வராது. மேல்தட்டின் ஓரத்துக்கு வந்தால் அப்படியே இறங்கப் பார்க்கும். 20 செ.மீ.க்கு மேல் விழுந்தால் கால் முறிய வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய குறை அந்தக் கூண்டுகளின் அடித்தட்டு. ஐந்து, ஆறு செ.மீ.க்கு மேல் பெட்டிங் போட்டால் கம்பி வழியே வெளியே கொட்டும். மூன்று மாடியின் பரப்பையும் கூட்டிப் பெரிய கூண்டு என்று விற்பார்கள். தடையில்லாமல் ஓடக் கிடைக்கிற ஒரே தரைதான் கணக்கு.

சிரியன் தோண்டி வாழ்கிற பிராணி. சிரியாவில் அலெப்போவைச் சுற்றியுள்ள வயல்களில் காட்டு ஹேம்ஸ்டர் வளைகளை அளந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. வளைகளின் சராசரி ஆழம் 65 செ.மீ., மிக ஆழமானது ஒரு மீட்டரைத் தாண்டியது. ஒரு வளைக்கு வளர்ந்த ஹேம்ஸ்டர் ஒன்றுதான். 2006-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 10, 40, 80 செ.மீ. என மூன்று ஆழத்தில் பெட்டிங் போட்டுப் பார்த்தார்கள். 10 செ.மீ.யில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன, வீலிலும் அதிகமாக ஓடின. 80 செ.மீ.யில் கம்பி கடிப்பதே இல்லை. வீலில் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துச் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜெர்மனியில் விலங்கு நலத்துக்கான கால்நடை மருத்துவர் சங்கம் சொல்கிற குறைந்தபட்ச அளவு 100 × 50 × 50. உங்களிடம் அதற்கு மேலேயே இடம் இருக்கிறது. இருக்கிற உயரத்தை மாடிக்குச் செலவிடாமல் பெட்டிங்குக்குக் கொடுங்கள். ஒரு பக்கமாவது 30 செ.மீ. ஆழம் வேண்டும், அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

தச்சன்கை:
தொட்டி வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு கணக்கு போடுங்க.

முதல் கணக்கு, 72-ல 50 போனா 22. அடியில கார்க் விரிப்பு போட்டா 21. மூடியைத் தூக்கவே இடம் பத்தாது, அப்புறம் கையை எப்படி உள்ள விடுறது? ஒவ்வொரு தடவையும் தொட்டியை முன்னாடி இழுக்கணும். அந்த அளவுத் தொட்டி 6 மி.மீ. கண்ணாடியில சுமார் 30 கிலோ. பெட்டிங், மணல், வீல் சேர்ந்தா 40 தாண்டும். சக்கரம் வச்ச பலகை மேல ஏத்தினாலும் இழுக்கிற அதிர்வுக்கே சுரங்கம் இடிஞ்சு விழும்.

ரெண்டாவது கணக்கு வீல். 28 செ.மீ. வீல், தாங்கியோட சேர்த்து 31-32 செ.மீ. உயரம் வரும். 50 உயரத் தொட்டியில 30 பெட்டிங் போட்டா மேல மிஞ்சுறது 20. வீல் நிக்கவே நிக்காது. பெரும்பாலான ஆளுங்க இந்த இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. அப்புறம் வீலுக்காக மொத்தப் பெட்டிங்கையும் 15-க்குக் குறைச்சிடுறாங்க.

உங்க இடத்துக்கு முன்பக்கம் திறக்கிற மரப் பெட்டிதான் சரி. 12 மி.மீ. பிளைவுட், வெளி அளவு 110 × 56 × 66. உள்ள 107.6 நீளம், சுமார் 54 அகலம், 63.6 உயரம் கிடைக்கும். தரைப் பரப்பு 5,800 சதுர செ.மீ. பக்கத்துக்கு 5 செ.மீ., மேல 6 செ.மீ. இடைவெளி மிஞ்சும். காத்து போக அது வேணும், அதை நிரப்பிடாதீங்க.

முன்பக்கம் கீழ் 30 செ.மீ. நிலையான கண்ணாடி, அதுக்கு மேல ரெண்டு வலைக் கதவு. அக்ரிலிக் போடுறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. 5 மி.மீ. அக்ரிலிக் 107 செ.மீ. நீளத்துக்கு நடுவுல வயிறு தள்ளும், பெட்டிங் அழுத்தத்துக்கு நாளாக ஆக ஓரத்துல இடுக்கு விழும். மேல் விளிம்புல அலுமினியச் சேனல் மாட்டி, நடுவுல ஒரு மரக்கட்டை நிறுத்தணும். அந்தக் கட்டையே ரெண்டு கதவும் வந்து சேர்ற இடமா ஆயிடும். கண்ணாடின்னா 6 மி.மீ., விளிம்பு மழுங்கத் தேய்ச்சது.

தள்ளுற கதவு வேண்டாம். பெட்டிங் தூள் தண்டவாளத்துல போய் அடைஞ்சு, ஒரு வாரத்துல கதவு பாதியில நிக்கும். கீல் வச்சு வெளிப்பக்கம் திறக்கிற கதவு போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் மேலயும் கீழயும் தாழ்ப்பாள். காந்தப் பூட்டை மட்டும் நம்பக்கூடாது, சிரியன் தள்ளிட்டே போயிடும்.

மூலைவீடு:
தச்சரே, அருமை. மூணு சந்தேகம். வலை என்ன அளவு? மூத்திரம் பட்டு பிளைவுட் ஊறிப் போகாதா? மேலே பலகை இருக்கும்போது காற்று போதுமா?

தச்சன்கை:
வலை 6 மி.மீ. சதுரக் கண், துருப்பிடிக்காத எஃகு. கண் பெரிசா இருந்தா கால் மாட்டும். வலையை உள்பக்கம் வச்சு அடிங்க. மரத்தோட வெட்டு விளிம்பு உள்ள தெரிஞ்சா அங்கேதான் கடிக்க ஆரம்பிக்கும். தட்டையான பலகையில பல்லு பிடிக்காது, விளிம்புலதான் பிடிக்கும். வலையோட வெட்டுன முனைகளை ஒரு மெல்லிய மரப்பட்டி வச்சு மூடிடுங்க, இல்லைன்னா கன்னப்பையைக் கிழிச்சிடும்.

காத்துக்கு, ரெண்டு பக்கப் பலகையிலயும் தரையிலிருந்து 36 செ.மீ.க்கு மேல 30 × 20 ஜன்னல் வெட்டி வலை போடுங்க. கதவு ரெண்டும் வலை. மேல்மூடியில ஓரமா 8 செ.மீ. சட்டம் விட்டுட்டு மீதி முழுக்க வலை. பக்கத்துலயிருந்து பக்கத்துக்குக் காத்து போனா, மேல 6 செ.மீ. இடைவெளி போதும்.

ஈரத்துக்கு, பொம்மைகளுக்கான ஈஎன் 71-3 தரத்துல வர்ற தண்ணி கலந்த வார்னிஷ் மூணு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவுல மெல்லிசா உப்புத்தாள் போடணும். கடைசிப் பூச்சுக்கு அப்புறம் வாடை சுத்தமா போற வரைக்கும் திறந்து வைங்க. உள் மூலைகள்ல மீன்தொட்டி சிலிக்கான் ஒரு கோடு இழுங்க, பூஞ்சைக்கொல்லி கலக்காததா பார்த்து வாங்கணும். மூத்திரம் பலகையைத் துளைச்சுட்டுப் போறதில்லை, மூட்டுல இறங்கித்தான் ஊறும். வார்னிஷ் மட்டும் போட்டு மூட்டை விட்டுட்டா அடிப்பலகை அங்கிருந்தே உப்பிடும்.

கண்ணாடிப்பக்கம்:
மரம் செய்ய வசதி இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தொட்டியிலும் வீல் சிக்கலைத் தீர்க்கலாம். பெட்டிங்கைச் சமமாகப் போடாமல் சரிவாகப் போடுங்கள். ஒரு முனையில் 35, மறுமுனையில் 12. வீல் ஆழம் குறைந்த முனையில். 12-உம் 32-உம் சேர்ந்தால் 44, மூடிக்கு 6 செ.மீ. மிச்சம். சரிவு சரியாமல் இருக்க நடுவில் 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு மரப்பட்டைத் தடுப்பு வையுங்கள். தொட்டி துடைக்க எளிது, கடிக்க விளிம்பும் கிடையாது. ஒன்றே ஒன்று, தொட்டியின் உயரம் அகலத்தை மீறக்கூடாது, மூடி முழுக்க வலையாக இருக்க வேண்டும். குறுகலும் ஆழமுமான தொட்டியின் அடியில் ஈரமும் அமோனியாவும் தங்கிவிடும்.

ஆழ்குழி:
//சரிவாகப் போடுங்கள்//

இது மரப் பெட்டிக்கும் பொருந்தும். 63.6 உயரத்தில் எங்கும் 30 போட்டு மேலே வீலுக்கு 1 செ.மீ. பலகை மேடை வைத்தால் 30 + 1 + 32 = 63. மூடியில் இடிக்கும். ஆகவே வீல் பக்கம் 20, கூட்டுப் பக்கம் 30. சராசரி 25 என்று வைத்தால் 107.6 × 54 × 25, ஏறக்குறைய 145 லிட்டர். இது அழுத்திய பிறகான அளவு. உதிரியாகக் கொட்டினது கையால் அழுத்தும்போது மூன்றில் ஒரு பங்கு அமுங்கும், அதனால் 215-220 லிட்டர் கைவசம் வேண்டும். பொட்டலத்தில் இருப்பது இறுக்கிக் கட்டிய அளவா, உதிர்த்த அளவா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒன்றல்ல.

எந்தப் பெட்டிங்? வாசனை சேர்க்காத காகித பெட்டிங், அல்லது தூசி நீக்கிய ஆஸ்பென் மரச்சீவல். மரத்தூள் கூடாது, மூக்கில் ஏறும். தேவதாரு மாதிரி வாசனை வரும் ஊசியிலை மரச்சீவலும் கூடாது, அந்த வாசனையே நுரையீரலை உறுத்தும். கூடு கட்டப் பஞ்சு என்று விற்பதை வாங்காதீர்கள். இழை காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும். வாசனையில்லாத கழிவறைத் தாளைக் கிழித்துப் போட்டால் அதுவே நல்ல கூடு.

போடும் விதம்தான் சுரங்கம் நிற்பதையும் இடிவதையும் தீர்மானிக்கும். 8 செ.மீ. போட்டு உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். அதன்மேல் உலர்புல் மெல்லிய ஒரு அடுக்கு, நீளமான தண்டுகளாக. மறுபடி 8 செ.மீ., மறுபடி அழுத்தம். புல் தண்டுகள் குறுக்கே கிடந்து கூரையைத் தாங்கும். முடித்ததும் மூடிய கைமுட்டியை ஓரமாகச் சாய்வாக உள்ளே நுழைத்து மெதுவாக வெளியே எடுங்கள். துளை அப்படியே நின்றால் சரி. ஓரம் உதிர்ந்து மூடிக்கொண்டால் அழுத்தம் போதவில்லை, அல்லது பெட்டிங் துண்டுகள் மிகச் சிறியவை. தனிக் காகித பெட்டிங் சிலவற்றில் இந்தக் குறை உண்டு, பாதிக்குப் பாதி ஆஸ்பென் கலந்தால் பிடித்துக்கொள்ளும்.

முதல் சுரங்கத்துக்கு வாயைக் காட்டிக் கொடுப்பது நல்லது. 7 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாயை 45 பாகைச் சாய்வில் பாதி புதைத்து வையுங்கள், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். சிரியனுக்கு எந்த நுழைவாயிலும் 7 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கன்னப்பை இரண்டையும் நிரப்பிக்கொண்டு வரும்போது உடம்பு இரண்டு மடங்காகத் தெரியும். 5 செ.மீ. குழாயில் நுழைந்து நடுவில் சிக்கிக்கொள்ளும்.

மூலைவீடு:
வீல், அது புரண்டு குளிக்கும் மணல் தட்டு, மரவீடு எல்லாவற்றையும் பெட்டிங் மேலேயே வைக்கலாமா?

தச்சன்கை:
கூடாது. கனமான எதையும் பெட்டிங் மேல நேரா வைக்கவே கூடாது. அது அடியில தோண்டிக்கிட்டே போகும், மேல இருக்கிற வீல் சாயும், அதுக்கு மேலயே விழலாம். மணல் தட்டு மட்டும் சின்ன எடை இல்லை. 30 × 20 தட்டுல 4 செ.மீ. மணல் போட்டா ஏறக்குறைய நாலு கிலோ.

ஒவ்வொண்ணுக்கும் கால் வச்ச மேடை. கால் பெட்டியோட அடித்தரையில நிக்கணும். வீல் பக்கம் பெட்டிங் 20 செ.மீ.ன்னா காலும் 20. வீலுக்கு 35 × 25, மணலுக்கு 35 × 25. ரெண்டையும் ஒரே 70 × 25 மேடையா செஞ்சா நடுவுலயும் ரெண்டு கால் சேர்த்து ஆறு கால். மேடைக்கு அடியில இருக்கிற பெட்டிங்கையும் அது தோண்டும், அங்கே கூரை இடியிற பயமே இல்லை. அதனால மேடை வச்சா தரை குறையுதேன்னு கவலைப்பட வேண்டாம். ஆணி வேண்டாம், திருகும் தண்ணிப் பசையும் போதும், திருகு முனை வெளிய நீட்டக் கூடாது.

ராவிழிப்பு:
அதே அறையில் தூங்குவதால் வீல் விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன்.

சிரியனுக்கு 28 செ.மீ. உள்விட்டம். ஓடும்போது முதுகு நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். வால்பக்கம் மேலே தூக்கி, தலை பின்னுக்கு வளைந்தால் வீல் சிறியது, நாளடைவில் முதுகெலும்பு கெடும். ஓடுபரப்பு முழுத் தகடாக இருக்க வேண்டும். கம்பிப்படி வீலிலும் வலை வீலிலும் கால் சிக்கி முறியும், பாதத்தில் புண் வரும்.

சத்தம் மூன்று இடத்திலிருந்து வரும். ஒன்று, அச்சு. பேரிங் உள்ள வீலாக வாங்குங்கள். கீச்சென்றால் அச்சில் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு போதும், இயந்திர எண்ணெய் போடாதீர்கள், நக்கிவிடும். இரண்டு, வீல் சுவரைத் தொடுவது. ஓடும்போது தாங்கி இரண்டொரு செ.மீ. நகரும், ஆகவே எல்லாப் பக்கமும் 3 செ.மீ. விட்டு, தாங்கியை மேடையில் திருகிவிடுங்கள். மூன்றாவதுதான் பலரும் கண்டுபிடிக்காதது, மேடையின் கால் அடிப்பலகையில் நேராக நிற்பதால் மொத்தப் பெட்டியும் மத்தளம் மாதிரி அதிரும். காலுக்கு அடியில் கார்க் துண்டு ஒட்டுங்கள். முழுப் பெட்டிக்கு அடியிலும் 1 செ.மீ. கார்க் அல்லது ரப்பர் விரிப்பு போடுங்கள். பெட்டியின் முதுகு சுவரைத் தொட வேண்டாம், 2 செ.மீ. தள்ளி நிற்கட்டும்.

வீல் முனை உங்கள் தலைமாட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

சத்தம் உங்களுக்கு மட்டும் பிரச்சினை இல்லை, அதற்கும்தான். மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஒலி அதற்கு நன்றாகக் கேட்கும். சார்ஜர், மானிட்டர், எல்இடி விளக்கின் மின்மாற்றி சிலவற்றிலிருந்து நமக்குத் தெரியாமலே அப்படிப்பட்ட ஒலி வரும். புத்தகப் பலகைக்குக் கீழே பவர் ஸ்ட்ரிப் இருந்தால் இடம் மாற்றுங்கள். வயரைக் கடிக்கும் அபாயமும் அதோடு போகும். ராத்திரி வேலை செய்கிறவர் என்றால் விளக்கு கூண்டுப் பக்கம் விழாமல் திருப்பி வையுங்கள். வெளிச்சம் அணையாவிட்டால் வெளியே வராமலே இருந்துவிடும், தீனி வேளை குழம்பும்.

உமிக்கூடை:
இதே கணக்கு ட்வார்ஃபுக்கு (சிறிய வகை ஹேம்ஸ்டருக்கு) எப்படி மாறும்? 120 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, மேல் விளிம்பில் 80 × 58. ரோபோ (ரோபோரோவ்ஸ்கி என்கிற மிகச் சிறிய ட்வார்ஃப்) இரண்டை அதில் வைக்கலாமா?

ஆழ்குழி:
உமிக்கூடை, முதலில் அடியை அளந்து பாருங்கள். இந்தப் பெட்டிகள் கீழே குறுகும். மேலே 80 × 58 என்றால் அடியில் 68 × 46 மாதிரிதான் வரும். 80 × 58 என்பது 4,640, 68 × 46 என்பது 3,130. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ரோபோ உடம்பில் சிறியதே தவிர ஓட்டத்தில் குறைந்தது அல்ல, அதற்கும் 100 × 50 தான் நான் சொல்வேன். பெட்டிங் 20-25 போதும். ஆனால் மணல் அதிகம் வேண்டும், தரையில் மூன்றில் ஒரு பங்கு. வீல் 20 செ.மீ., நுழைவாயில் 5 செ.மீ. கம்பிக் கூண்டானால் இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

இரண்டை ஒன்றாக வைப்பது பற்றி. ரோபோக்கள் உடன்பிறப்புகளாக இருந்தால் சில ஜோடிகள் ஒத்துப்போகும், பல ஜோடிகள் சில மாதத்தில் திடீரென்று சண்டைக்கு வரும், இரத்தம் பார்க்காமல் அடங்காது. பிரிக்க வேண்டிய அன்றைக்கே இரண்டாவது முழுக் கூண்டு தயாராக இருக்க வேண்டும். சின்ன இடத்தில் அதற்கு இடம் ஏது? ஒன்றே ஒன்று வளருங்கள். சிரியனைப் பொறுத்தவரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை, 8 வாரத்துக்குப் பிறகு அது தனியாகத்தான் வாழ வேண்டும்.

தச்சன்கை:
அந்தப் பெட்டியைத் தற்காலிகமா வச்சுக்கிறதா இருந்தா, மூடியில சுத்தி 5 செ.மீ. விட்டு நடுவை வெட்டி, 6 மி.மீ. வலையை போல்ட், வாஷர் போட்டு இறுக்குங்க. கேபிள் டையைக் கடிச்சுப் போட்டுடும். பெட்டிங் நிரப்பினா நீளப் பக்கம் வெளிய தள்ளும், மூடி சரியா உட்காராம ஓரத்துல இடுக்கு வரும். நடுவுல ஒரு பட்டை கட்டி இறுக்கிடுங்க.

மூலைவீடு:
மணல், தண்ணீர், சுத்தம் செய்யும் முறை, இவை மூன்றும் மிச்சம். வாடை வராமல் இருக்க வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றினால் போதுமா?

ராவிழிப்பு:
அது வாடையைக் கூட்டும். இடத்தை அடையாளம் காண்பது அதன் சொந்த வாடையை வைத்துத்தான். மொத்தமாக மாற்றினால் புது இடத்தில் விட்டதுபோல் பதறி, எல்லா மூலையிலும் மறுபடி மூத்திரம் தெளித்து வைக்கும். சேர்த்து வைத்த தீனியும் போய்விடும். வாராவாரம் இப்படிச் செய்கிறவர்கள்தான் வாடை அடங்கவே இல்லை என்று புலம்புவார்கள். சின்னக் கூண்டு சீக்கிரம் நாறும், பெரிய கூண்டில் 145 லிட்டர் பெட்டிங் ஈரத்தை இழுத்துப் பரப்பிவிடும்.

மூத்திர மூலை ஒன்று இருக்கும், பெரும்பாலும் மணல் தட்டே அதுவாகிவிடும். இரண்டு நாளுக்கொரு முறை ஈரக்கட்டிகளை மட்டும் சல்லடையால் எடுங்கள், இரண்டு வாரத்தில் மணலை மாற்றுங்கள். வீலில் மூத்திரம் உப்பாகப் படியும், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து துடைத்து, வெறும் தண்ணீரில் கழுவிக் காயவைத்து வையுங்கள். பெட்டிங்கில் ஈரமான பகுதியை மட்டும் எடுத்துப் புதிது போடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில், தேவைப்பட்டால், மூன்றில் ஒரு பங்கு மாற்றலாம், கூடு இருக்கும் பகுதியைத் தொடாமல். வீல், மணல், பெட்டிங் மூன்றையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள்.

மணல் என்றால் மணல்தான். மாவு மாதிரி தூளாக விற்பது மூச்சுக்குழாயைக் கெடுக்கும். கால்சியம் மணல் ஈரம் பட்டால் கட்டியாகி, கன்னப்பையிலும் குடலிலும் ஒட்டும். சாயமில்லாத நுண்மணலை நீர் தெளியும்வரை கழுவி, அடுப்பு அனலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். கையில் எடுத்து மெல்ல ஊதினால் புகை மாதிரி கிளம்பக் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு நேர் கீழே மணல் தட்டு வராமல் பாருங்கள்.

அறையில் ஏர் ஃப்ரெஷ்னர், ஊதுபத்தி, ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

கண்ணாடிப்பக்கம்:
தண்ணீருக்குக் கனமான பீங்கான் கிண்ணம்தான் நல்லது, குனிந்து இயல்பாகக் குடிக்கும். மேடைமேல் வைத்தால் பெட்டிங் விழாது.

ராவிழிப்பு:
மேடைமேல் என்றால் சரி, ஆனால் கவிழ்த்தால் 30 செ.மீ. பெட்டிங்கும் நனையும், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆழ பெட்டிங் வைப்பவர்கள் பாட்டிலும் வைத்திருப்பது நல்லது. உடல் எடையில் 100 கிராமுக்குச் சுமார் 10 மி.லி. ஒரு நாளைக்குக் குடிக்கும். பாட்டிலில் அளவு குறையவே இல்லை என்றால் அதன் குழாய் முனையிலுள்ள குண்டு சிக்கியிருக்கிறது. தினமும் விரல் நுனியால் குண்டைத் தட்டி, சொட்டு வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடிப்பக்கம் சொன்ன கிண்ணமும் பாட்டிலும் இரண்டுமே வைத்தால் கவலையே இல்லை.

தீனி சிரியனுக்கு ஒரு நாளைக்கு 10-12 கிராம் விதைக் கலவை. கிண்ணத்தில் போடாமல் பெட்டிங் மேல் தூவுங்கள், தேடித் தின்னும் வேலை கிடைக்கும். காய் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான். பெரிய துண்டை வளைக்குள் கொண்டுபோய்ப் பதுக்கி அழுகவிடும். ட்வார்ஃபில் கேம்பெல் வகைக்கும் அதன் கலப்புக்கும் நீரிழிவு எளிதில் வரும், உமிக்கூடை, நீங்கள் அடுத்து அந்த வகை வாங்குவதாக இருந்தால் பழமும் கேரட்டும் கொடுக்காதீர்கள்.

வெப்பம் 18-24 பாகைக்குள். வெப்பமானியைப் பெட்டிக்குள் பெட்டிங் மட்டத்தில் வையுங்கள், அறைச் சுவரில் காட்டுவது வேறாக இருக்கும். 28-ஐத் தாண்டினால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பக்க வலைக்கு வெளியே சாய்த்து வையுங்கள். உள்ளே மேடைமேல் ஒரு பீங்கான் ஓடு போட்டால் வயிற்றை அமர்த்திப் படுத்துக்கொள்ளும். மின்விசிறியையோ ஏசியையோ நேராகத் திருப்பாதீர்கள். 10 பாகைக்குக் கீழே போனால் உடல் குளிர்ந்து விறைத்து உறைதூக்கத்தில் விழும், செத்துவிட்டது என்றே தோன்றும். மீசை அசைகிறதா, மூச்சு வருகிறதா என்று சில நிமிடம் பார்த்து, உள்ளங்கைச் சூட்டில் மெதுவாக அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூலைவீடு:
இதுவரை சொன்னதை வைத்து வரைந்த திட்டம். இடமிருந்து வலமாக: முதல் 35 செ.மீ. வீல் மேடை, அடுத்த 35 மணல் மேடை, கால் உயரம் 20. மீதி 37 செ.மீ. பகுதியில் பெட்டிங் 30, அதற்குள் அடியில்லாத மரவீடு மூன்று அறையோடு, 30 × 20, முன் கண்ணாடியை ஒட்டி. பாட்டில் வலப்பக்க ஜன்னலில். வீல் முனை தலைமாட்டுக்கு எதிர்ப்பக்கம். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

ஆழ்குழி:
இரண்டு திருத்தம். மரவீட்டை முன் கண்ணாடியை ஒட்டி வைத்தால் நமக்குப் பார்க்க வசதி, அதற்கு வெளிச்சம். அந்தப் பகுதியில் மட்டும் வெளிப்பக்கம் கருப்பு அட்டை ஒட்டுங்கள், பார்க்க வேண்டும்போது எடுக்கலாம். இன்னொன்று, 37 செ.மீ.தான் ஆழப் பகுதி என்பது குறைவு. மேடை 25 செ.மீ. அகலம்தான், பெட்டி 54 அகலம். மேடையைப் பின்சுவரோடு ஒட்டி, முன்னால் இருக்கும் 29 செ.மீ. அகலப் பட்டையிலும் பெட்டிங்கைச் சரிவாக 27 வரை ஏற்றுங்கள். வீல் தாங்கி மூழ்காமல் இருக்க மேடையின் முன்விளிம்பில் 8 செ.மீ. உயரப் பலகைத் தடுப்பு போதும். ஏறி இறங்க நடுவில் 10 செ.மீ. அகலத்துக்குத் திறப்பு விட்டுவிடுங்கள், அந்தத் திறப்புக்கு நேரே மட்டும் பெட்டிங்கை மேடை மட்டத்தில் வைக்க வேண்டும். முன் கண்ணாடி 30 என்பதால், கூட்டுப் பக்கத்திலும் கண்ணாடியை ஒட்டி 27-க்கு மேல் போனால் கதவு திறக்கும்போது கொட்டும்.

தச்சன்கை:
பொருத்துற வரிசையும் முக்கியம். வார்னிஷ் வாடை போனதும் பெட்டியை அதோட இடத்துல வச்சு மட்டம் பாருங்க, நிரப்பின பிறகு நகர்த்த முடியாது. முதல்ல மேடைகள், கால் அடித்தரையில உட்கார்ந்து ஆடாம நிக்கணும். அப்புறம்தான் பெட்டிங். பெட்டிங் போட்டுட்டு மேடையை அமுக்கி இறக்கினா கால் தரையைத் தொட்டுச்சான்னு தெரியாது. மரவீட்டுக்கும் அடித்தரையைத் தொடுற கால் வேணும், இல்லைன்னா இறங்கி இறங்கி உள்ளேயே புதைஞ்சிடும். அதுக்கப்புறம் வீல், மணல், பாட்டில். கடைசியா கதவு இடுக்கை அளந்துடுங்க, எங்கேயும் சுண்டுவிரல் நுழையக் கூடாது.

ராவிழிப்பு:
ஹேம்ஸ்டரை மாற்றும்போது பழைய கூண்டின் கூட்டையும், வாடையடித்த பெட்டிங் இரண்டு கைப்பிடியையும் மரவீட்டுக்குள் போட்டுவிடுங்கள். முதல் மூன்று நாள் கையை உள்ளே விடாதீர்கள், தீனியும் தண்ணீரும் மட்டும். அந்த நாட்களில் வால்பக்கம் ஈரமாகி, பேதியாகி, சுருண்டு கிடந்தால் காத்திருக்கக் கூடாது. அது ஒன்றிரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

மூலைவீடு:
மேடையின் கால், தடுப்பு, கருப்பு அட்டை எல்லாம் வரைபடத்தில் சேர்த்தாயிற்று. தச்சரே, 70 × 25 ஒரே மேடையாக வெட்டலாமா, இரண்டாக வெட்டலாமா?

தச்சன்கை:
ரெண்டா வெட்டுங்க. முன்ன ஒண்ணா சொன்னேன், ஆனா வீல் அதிர்வு மணல் தட்டுக்குப் போய் மணல் ஓரமா சிந்தும். நடுவுல 1 செ.மீ.க்குள்ள இடைவெளி விட்டா போதும், அதுல காலும் மாட்டாது. கதவு 33 செ.மீ.தான் உயரம்ங்கிறதால 70 செ.மீ. பலகையைச் சுத்தம் பண்ண வெளிய எடுக்கிறதும் கஷ்டம், 35 செ.மீ. பலகைன்னா சாய்ச்சு எடுத்துடலாம்.